பழைய காரும் புதிய இயந்திரமும்

அறுபது வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பொனற்றைத் திறந்து, அதனுடன் பிறந்த இயந்திரத்தையும் கியர்பொக்ஸையும் இறக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் அண்மைக்கால யப்பானிய இயந்திரம் ஒன்றைப் பொருத்துவது சரியா, தவறா? பழைய கார்களை நேசிப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி எழுந்தால் அன்றைய மாலைப் பொழுது அதனுடனேயே கழிந்துவிடும். ஒரு தரப்பினர் இதனைத் திருப்பணி என்பர். மறு தரப்பினர் சிலை உடைப்பு என்பர். இரு தரப்பிலும் உணர்ச்சி அதிகம், விவரம் குறைவு. எனவே ஒரு குறிப்பிட்ட காரை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசுவதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

எம்.ஜி.பி. என்னும் பிரித்தானியக் காரையே எடுத்துக்கொள்வோம். 1962 இல் அறிமுகமாகி 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உற்பத்தியான இந்தக் கார், ஐந்து இலட்சத்திற்கும் அதிகமாக விற்பனையானது. உலகில் இன்று எஞ்சியுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எளிதில் கிடைக்கக்கூடியதும், உதிரிப்பாகங்கள் தாராளமாக உள்ளதும் இதுவே எனலாம். அதன் இயந்திரம் 1798 சி.சி. கொள்ளளவு கொண்டது, நான்கு சிலிண்டர்கள், இரட்டைக் கார்புரேற்றர்கள், ஏறத்தாழ 95 குதிரைவலு. கியர்கள் நான்கு. 1967 வரை வெளிவந்த கார்களில் முதலாவது கியருக்கு ஒத்திசைவு அமைப்பே கிடையாது. கார் முற்றாக நின்ற பின்னரே அந்தக் கியரைச் சத்தமின்றிப் போடலாம். இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில், ஓவர்டிரைவ் பொருத்தப்படாத எம்.ஜி.பி. ஒன்று காது அடைக்குமளவுக்கு இரைந்துகொண்டே ஓடும்.

இந்த இயந்திரத்தைத்தான் 'காரின் ஆன்மா' என்று தூய்மைவாதிகள் கூறுகின்றனர். ஆனால் அந்த ஆன்மாவின் பூர்வீகத்தைச் சற்று விசாரித்தால் யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது.

'பி வரிசை' என அழைக்கப்பட்ட அந்த இயந்திரக் குடும்பம் ஸ்போர்ட்ஸ் காருக்கென்று பிறந்ததன்று. பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனம் தனது குடும்பக் கார்களுக்காகவும் சிறு வான்களுக்காகவும் வைத்திருந்த பொது இயந்திரம் அது. எம்.ஜி.பி.யின் முன்னோடியான எம்.ஜி.ஏ. 1955 இல் வெளிவந்தபோது அதில் இருந்த 1489 சி.சி. இயந்திரமும், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரில் இருந்த இயந்திரமும் ஒரே குடும்பத்தவை. ஆம், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே வாடகைக் காராகவும், கலியாணக் காராகவும், மரண வீட்டுக்கு ஆள் ஏற்றும் வாகனமாகவும் பல தசாப்தங்கள் ஓடிய அதே ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்தான். அபிங்டன் பொறியியலாளர்கள் கையில் இருந்ததைக் கொண்டு ஒரு நல்ல காரைச் செய்தார்கள். அது அவர்களின் திறமை. அதற்காக அந்த இயந்திரத்தைக் கருவறையில் வைத்துப் பூசிக்க வேண்டியதில்லை.

அந்தக் கேம்பிரிட்ஜ் கார்கள் எமக்குச் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது வடக்கில் பெற்றோல் மருந்துபோல அருமையாயிற்று. அப்போது எமது மெக்கானிக்குகள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரம் என்பதாலேயே அது சாத்தியமாயிற்று. கரும்புகை கக்கியபடி அந்தக் கார்கள் நோயாளரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன. 'தொழிற்சாலை செய்தபடியே இருக்க வேண்டும்' என்று அன்று எவரும் வாதிடவில்லை. வாதிட்டிருந்தால் அந்தக் கார்கள் கோழிக்கூடுகளாகியிருக்கும். மாற்றம் ஒரு வாகனத்தை வாழ வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, தேவைக்காகச் செய்த மாற்றம் வேறு, ஆசைக்காகச் செய்யும் மாற்றம் வேறு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசைக்காக இயந்திரத்தை மாற்றியவர்களின் வரலாறும் எம்.ஜி.பி.க்கு உண்டு. அதனைத் தொடங்கி வைத்தது தொழிற்சாலையேதான்.

1967 இல் எம்.ஜி. நிறுவனம் இதே காரின் உடலுக்குள் 2912 சி.சி. கொண்ட ஆறு சிலிண்டர் இயந்திரம் ஒன்றைத் திணித்து எம்.ஜி.சி. என்ற பெயரில் விற்றது. வார்ப்பிரும்பாலான அந்த இயந்திரம் முன்னையதைவிட ஏறத்தாழ 95 கிலோகிராம் பாரமானது. அதனை உள்ளே அமர்த்துவதற்காக முன்பக்கத் தொங்கல் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. பொனற்றில் ஒரு புடைப்பும் ஏற்பட்டது. மூக்குப் பாரமான அந்தக் கார் வளைவுகளில் திரும்ப மறுப்பதாக அக்காலப் பத்திரிகைகள் குறை கூறின. இரண்டே ஆண்டுகளில், ஏறத்தாழ 9000 கார்களுடன் அதன் கதை முடிந்தது.

அதன் பின்னர், 1970களின் தொடக்கத்தில், கென் கொஸ்டெல்லோ என்ற பந்தய வீரர் வேறொரு வழியைக் கண்டார். அமெரிக்காவின் பியூக் நிறுவனம் உருவாக்கி, பின்னர் ரோவர் நிறுவனம் உரிமையை வாங்கிய 3.5 லீற்றர் வி-8 இயந்திரம் அலுமினியத்தாலானது. எட்டுச் சிலிண்டர்கள் இருந்தும், நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு இயந்திரத்தைவிட அது பாரமானதன்று. அதனை எம்.ஜி.பி.யில் பொருத்தி அவர் விற்கத் தொடங்கினார். தொழிற்சாலை விழித்துக்கொண்டது. 1973 இல் எம்.ஜி.பி. ஜி.ரி. வி-8 என்ற கார் நிறுவனத்தின் பெயரிலேயே வெளிவந்தது. அவ்வாண்டின் எண்ணெய் நெருக்கடி அதன் விற்பனையைப் பாதித்தது. 1976 வரை 2591 கார்களே செய்யப்பட்டன. இன்று அவை அரிய சொத்துகளாக மதிக்கப்படுகின்றன. ஒரு தனிமனிதர் தமது பட்டறையில் செய்த 'சிலை உடைப்பு', சில ஆண்டுகளில் மூலவராகிவிட்ட விந்தையை என்னென்பது?

அண்மைக்காலத்தில் இந்தப் பணிக்கு அதிகம் விரும்பப்படும் இயந்திரங்களில் ஒன்று மாஸ்டாவினுடையது. 1989 இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5, பிரித்தானியர் செய்த இத்தகைய சிறிய திறந்த கார்களையே முன்மாதிரியாகக் கொண்டு, அவற்றின் எண்ணெய்க் கசிவையும் மின்கோளாறுகளையும் மட்டும் விட்டுவிட்டுச் செய்யப்பட்டது. 2012 இல், எம்.ஜி.பி.யின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, பிரித்தானியாவின் புரொன்ட்லைன் நிறுவனம் 2 லீற்றர் மாஸ்டா இயந்திரமும் ஆறு கியர்களும் பொருத்திய எம்.ஜி.பி. கார்களைச் செய்தது. வலு 200 குதிரைவலுவைத் தாண்டியது. குருவைப் பார்த்துப் பயின்ற சீடன், முதுமையில் தளர்ந்த குருவுக்குத் தன் இதயத்தைக் கொடுத்தது போன்ற கதை இது. கேட்க இனிமையானது. ஆனால் இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும்.

இயந்திரம் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. 95 குதிரைவலுவுக்கென வடிவமைக்கப்பட்ட காரில் 200 குதிரைவலுவை வைத்தால், அந்த வலு கிளட்ச்சையும், உந்து தண்டையும், பின் அச்சையும், ரயர்களையும் தேடிச் செல்லும். நிறுத்த வேண்டிய பிறேக்குகளோ பழையவை: முன்னால் சிறிய தட்டுகள், பின்னால் உருளைகள். பின் அச்சைத் தாங்குபவை மாட்டுவண்டிக் காலத்து வில்தகடுகள். புதிய இயந்திரத்திற்கு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், அதற்கேற்ற வயர்க்கட்டும், பெரிய ரேடியேற்றரும் தேவை. கார்புரேற்றருக்குப் போதுமாயிருந்ததைவிடப் பத்து மடங்குக்கு மேலான அழுத்தத்தில் பெற்றோல் செலுத்தப்பட வேண்டும்; பழைய இறப்பர்க் குழாய் அதனைத் தாங்காது வெடித்தால், சூடான இயந்திரத்தின் மீது பெற்றோல் சிந்தும். அதன் விளைவை விவரிக்க வேண்டியதில்லை. இயந்திரத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு பாதி என்றால், அதனைச் சுற்றியுள்ளவற்றை மாற்றுவதற்கு ஆகும் செலவு மறுபாதி. முதற்பாதியை மட்டும் செய்துவிட்டு வீதிக்கு வருபவர் தம்மை மட்டுமன்றி, எதிரே சைக்கிளில் வருபவரையும் பணயம் வைக்கிறார்.

சட்டம் இதனை எவ்வாறு பார்க்கிறது என்பதும் சுவையானது. ஐக்கிய இராச்சியத்தில் பெருமளவு மாற்றப்பட்ட வாகனம் ஒன்று தன் பழைய பதிவிலக்கத்தை வைத்துக்கொள்ளலாமா என்பதைத் தீர்மானிக்கப் பல ஆண்டுகளாக ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. சட்டகத்திற்கு 5 புள்ளிகள். தொங்கல் அமைப்பு, அச்சுகள், கியர்பொக்ஸ், சுக்கான் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். இயந்திரத்திற்கு 1 புள்ளி மட்டுமே. எட்டுப் புள்ளிகள் இருந்தால் கார் பழைய காரே. இயந்திரமும் கியர்பொக்ஸும் போனாலும் பதினொரு புள்ளிகள் எஞ்சும். அந்தக் கணக்கும் 2025 இல் தளர்த்தப்பட்டது. 'ஆன்மா' என்று அன்பர்கள் அழைப்பதற்கு அரசாங்கம் கொடுத்த மதிப்பு, பதினான்கில் ஒன்று!

ஆனால் அதே அரசாங்கம் இன்னோரிடத்தில் கண்டிப்பானது. 2018 மே மாதம் முதல், நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு அங்கே வருடாந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. முப்பது ஆண்டுகளுக்குள் கணிசமான மாற்றம் செய்யப்பட்ட காருக்கோ அந்த விலக்கு இல்லை. அக்காருக்கு உரியதல்லாத இயந்திரத்தைப் பொருத்துவதும் அத்தகைய மாற்றமாகக் கொள்ளப்படலாம். இது நீதியானதே. புதிய வலுவைப் பெற்ற கார் புதிய பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இனி, மறுதரப்பின் வாதத்தில் உள்ள உண்மையைக் கூறாவிட்டால் இக்கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். ஒரு பழைய கார் வெறும் போக்குவரத்துச் சாதனமன்று; அது ஒரு காலத்தின் சாட்சி. 1962 இல் ஒரு மனிதன் எவ்வளவு வேகத்தை வேகம் என்று கருதினான், கியர் மாற்றுவதில் அவனது கைக்கும் காலுக்கும் எவ்வளவு வேலை இருந்தது, எந்த வாசனையையும் எந்த அதிர்வையும் அவன் இயல்பெனக் கொண்டான் என்பதையெல்லாம் நூல்கள் சொல்வதைவிட அந்த இயந்திரம் தெளிவாகச் சொல்லும். அதனை எடுத்துவிட்டால் எஞ்சுவது பழைய சட்டை அணிந்த புதிய மனிதன். ஐந்து இலட்சம் எம்.ஜி.பி.களில் சில ஆயிரம் மாறினால் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2591 வி-8களில் ஒன்று மாறினால் அது இழப்பு. ஐம்பதோ நூறோ மட்டும் செய்யப்பட்ட கார் ஒன்றில் கைவைப்பது, ஓலைச்சுவடியின் மீது பேனாவால் திருத்தம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2019 இல் மின்மோட்டார் மாற்றங்கள் குறித்து வெளியிட்ட நிலைப்பாடு இங்கே நினைவுகூரத்தக்கது. அவ்வாறு மாற்றப்பட்ட கார் வரலாற்று வாகனம் என்ற தகுதியை இழக்கிறது என்று கூறிய அதே சம்மேளனம், மாற்றுவதானால் அம்மாற்றம் மீளக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய பாகங்கள் அடையாளமிடப்பட்டுத் திகதியிடப்பட்டுப் பத்திரப்படுத்தப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. பெற்றோல் இயந்திரங்களுக்கும் இதைவிட நல்ல விதியொன்றை என்னால் கூற இயலாது.

எனவே எனது கருத்து இதுதான். இயந்திரத்தை மாற்றுங்கள், ஆனால் உடலில் இரும்பை வெட்டாதீர்கள். போல்ட்டுகளால் பொருத்தக்கூடியதை மட்டும் பொருத்துங்கள். கழற்றிய இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு விற்காதீர்கள். எண்ணெய் பூசி, சுற்றிக் கட்டி, காரோடு சேர்த்து அடுத்தவருக்குக் கொடுங்கள். பிறேக்கை முதலில் மாற்றுங்கள், இயந்திரத்தைப் பிறகு மாற்றுங்கள். பதிவுப் புத்தகத்திலும் காப்புறுதிப் பத்திரத்திலும் உண்மையை எழுதுங்கள். மாற்றிய காரை மாற்றாத கார் என்று விற்பவர் மெக்கானிக் அல்லர், வெறும் ஏமாற்றுக்காரர். அரிதான காரென்றால் கைவைக்கவே வேண்டாம். வேகம் வேண்டுமானால் அதற்கென்று வேறு கார்கள் உண்டு.

இந்தக் கார்கள் எம்மைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. இன்றைய உரிமையாளர் அவற்றின் வாழ்வில் ஓர் இடைக்காலப் பொறுப்பாளர் மாத்திரமே. நாளை இன்னொருவர் வருவார். அவருக்கு அந்த இரைச்சலும் அந்த மந்தமும் அந்த முதலாவது கியரின் அரைபடும் ஓசையும் வேண்டுமென்று தோன்றலாம். அவருக்காக அந்தப் பழைய இயந்திரம் கராஜின் மூலையில் காத்திருக்கட்டும்.