காலில் பட்டால் போதுமா?

அன்புவழிபுரத்தில் பின்னேர உதைபந்தாட்டம் பார்க்கப் போனால் ஒரு சண்டை நிச்சயம். ஓஃப்சைட்டில் நிற்கிற பெடியனுக்குப் பந்து போகிறது, இடையில் எதிரணிப் பின்கள வீரனின் காலில் உரசுகிறது, கோல். "அவன்ர காலில பட்டிட்டுது, பிறகென்ன ஓஃப்சைட்?" என்று ஒரு பக்கம் கத்தும். பட்டால் போதாது என்பதே என் தீர்ப்பு.

2021 ஒக்டோபர் 10, மிலான் நகரில் நேஷன்ஸ் லீக் இறுதியாட்டம். ஸ்பெயினின் எரிக் கார்சியா காலை நீட்டிப் பந்தைத் தொட்டார். ஓஃப்சைட்டில் நின்ற பிரான்சின் எம்பாப்பே அதை எடுத்து வெற்றிக் கோலை அடித்தார். கார்சியா பந்தை வேண்டுமென்றே ஆடினார், அதனால் ஓஃப்சைட் நீங்கிவிட்டது என்று கோல் நின்றது. தடுக்க முயன்றவனுக்கே தண்டனையா என்று உலகம் கேட்டது, நியாயமான கேள்வி. 2022 ஜூலையில் விதி வகுக்கும் சபை, எது வேண்டுமென்றே ஆடுவது என்று விளக்கம் தந்தது. பந்து தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வந்ததா, வேகம் குறைவா, உடம்பைத் திருப்ப நேரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். எட்டிப் பாய்ந்து நுனிக்காலில் உரசியது கணக்கில்லை. கோல் காப்பாளர் தடுத்துத் திரும்பும் பந்துக்கும் ஓஃப்சைட் நீங்காது. இது பழைய விதி, பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிராமத்து ஆட்டத்தில் காணொளி உதவி கிடையாது. மத்தியஸ்தரின் கண் மட்டும்தான். கழகங்களே, அடுத்த சுற்றுப்போட்டி தொடங்குமுன் ஓஃப்சைட் பற்றிய 11ஆம் விதியைப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.