'கலவரம்' என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

மெஸ், கிளட்டர், கேயாஸ், டிஸார்டர், ரையட் என்று ஆங்கிலத்தில் எத்தனை சொல் இருந்தாலும் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பள்ளியில் 'சினானிம்ஸ்' பட்டியலை மனப்பாடம் செய்யவைத்த நாளில் தொடங்குவது இது. அந்தப் பட்டியல் பத்திரிகை அலுவலகத்தின் மொழிபெயர்ப்பு மேசை வரை கூடவே வந்துவிடுகிறது. இந்த எண்ணம் தவறு மட்டுமல்ல, ஆபத்தானது.

வீட்டுச் சொற்களில் பெரிய நட்டமில்லை. மேசையில் தேவைக்கு மேல் பொருள்கள் குவிந்திருந்தால் கிளட்டர். சிந்தலும் சிதறலும் அழுக்குமாகக் கிடந்தால் மெஸ். மாற்றிச் சொன்னால் யாரும் கெட்டுப்போவதில்லை. கேயாஸ் விஷயத்தில் சற்று நிதானிக்க வேண்டும். வானிலையை ஆராய்ந்த எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டியது விதியற்ற நிலையை அன்று. விதி கறாராக இருந்தும், தொடக்கத்தில் இம்மியளவு வேறுபாடு இருந்தால் நெடுநாள் முன்கணிப்பு பொய்த்துப்போகும் என்பதைத்தான் அவர் காட்டினார். பின்னாளில் கேயாஸ் என்று பெயர் பெற்ற அந்தத் துறையைத் தமிழில் 'ஒழுங்கின்மை' என்றதும் அந்த விதி மறைந்துவிடுகிறது.

தெருவில் நடக்கும் வன்முறைக்கு வரும்போதுதான் சொல் உயிரையும் உடைமையையும் தொடுகிறது. இங்கிலாந்தில் 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் தலைகளை எண்ணுகிறது. குறைந்தது 12 பேர் கூடி, ஒரு பொது நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினால்தான் ரையட். 10 ஆண்டு வரை சிறை. 3 பேர் இருந்து, பொது நோக்கம் இல்லாவிட்டாலும் வயலன்ட் டிஸார்டர், 5 ஆண்டு. ஒரே ஆள் செய்தாலும் அஃப்ரே, 3 ஆண்டு. அந்த 12 என்ற எண் 1714ஆம் ஆண்டின் ரையட் சட்டத்திலேயே இருந்தது. கூடியிருப்பவர்கள் முன் அரசர் பெயரால் அறிவிப்பை வாசிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கலையாவிட்டால் அது அன்று மரண தண்டனைக்குரிய குற்றம். நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்திலோ அஃப்ரேக்கு 2 பேராவது வேண்டும், ரையட்டுக்கு 5 பேர் போதும். கடல் தாண்டினால் அதே ஆங்கிலச் சொல்லே வேறு கணக்குக் கேட்கிறது. இத்தனையையும் ஒரே 'கலவர'த்தில் அடக்குகிறவர், யாருக்கு எத்தனை ஆண்டு சிறை என்பதையே அழித்துவிடுகிறார்.

அமெரிக்காவின் டல்சா நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதிக்குள் புகுந்து கொன்றன, கொள்ளையடித்தன, ஏறத்தாழ 35 பிளாக்குகளைக் கொளுத்தின. இதற்கு வைக்கப்பட்ட பெயர் 'ரேஸ் ரையட்'. இரு தரப்பும் சமமாக மோதிக்கொண்டதுபோல ஒலிக்கும் பெயர் அது. வீடும் கடையும் இழந்தவர்கள் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். ரையட்டினால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பாலிசியில் ஒரு விதி இருந்தது. நிறுவனங்கள் அதைக் காட்டி மறுத்தன. அங்கே திரையரங்கும் விடுதியும் வைத்திருந்த வில்லியம் ரெட்ஃபெர்ன் வழக்குப் போட்டார். அவர் வெள்ளையர். 1926இல் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் அவருக்கும் கைவிரித்தது. நூற்றாண்டு நினைவுக்காக அமைந்த குழு 2018இல்தான் தன் பெயரிலிருந்த 'ரையட்'டை எடுத்துவிட்டு 'மாஸகர்', அதாவது படுகொலை, என்று வைத்துக்கொண்டது.

ஆட்சியாளர்களுக்கு இந்தச் சொற்களின் எடை எப்போதும் தெரியும். ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. அரசின் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். அதையும் சேர்த்து விசாரித்த ஹண்டர் குழுவுக்கு வைத்த பெயர் 'டிஸார்டர்ஸ்' விசாரணைக் குழு. சுட்டவனின் செயல் அந்தப் பெயரில் இல்லை. மக்களின் ஒழுங்கீனம் மட்டும் இருக்கிறது. குழுவுக்குள்ளும் சண்டை ஒரு சொல்லைச் சுற்றித்தான். பஞ்சாபில் நடந்தது 'ரெபெல்லியன்' என்றார்கள் ஆங்கிலேய உறுப்பினர்கள். அரசுக்கு எதிரான கிளர்ச்சி என்றால்தான் ராணுவச் சட்டம் நியாயமாகும். சீதல்வாட் உள்ளிட்ட 3 இந்திய உறுப்பினர்கள் அதை ஏற்க மறுத்துத் தனி அறிக்கை எழுதினார்கள். டிஸார்டரும் ரெபெல்லியனும் ஒன்றுதானே என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

பேச்சுவழக்கில் எல்லோரும் கலந்துதானே பேசுகிறார்கள், இது பண்டிதர்களின் பிடிவாதம் என்பார்கள். பேசுங்கள், தடையில்லை. ஆனால் செய்தியும் பாடநூலும் தீர்ப்பும் பேச்சுவழக்கில் நின்றுவிடுவதில்லை. நாளைக்கு அவைதான் சாட்சி.

இந்தப் பழக்கத்தால் நமக்கு நாமே செய்துகொண்ட கேடும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போய்க் கொளுத்தினார்கள். வெலிக்கடைச் சிறையில் அடைபட்டிருந்த தமிழ்க் கைதிகளை அடித்துக் கொன்றார்கள். ஆங்கில ஏடுகள் அதை 'ரையட்ஸ்' என்றன. நாமும் அதை அப்படியே பெயர்த்து 'இனக்கலவரம்' என்று எழுதினோம்; இன்றும் எழுதுகிறோம். ஒரு தரப்பு பட்டியலோடு வருகிறது, மறு தரப்பு கூரை ஏறி ஒளிகிறது. இதில் கலவரம் எங்கே இருக்கிறது? ஆளும் தரப்பின் ஆசியோடு ஓர் இனத்தின் மீது கும்பலை ஏவிவிடுவதற்கு ஆங்கிலத்திலேயே 'போக்ரோம்' என்ற சொல் இருக்கிறது, ரஷ்யாவின் யூதர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏஜென்சி செய்தியில் 'ரையட்' என்று வந்தால் உடனே 'கலவரம்' என்று தட்டிவிடாதீர்கள். யார் அடித்தார்கள், யார் அடிபட்டார்கள், போலீஸ் எங்கே நின்றது என்று செய்தியின் கடைசி வரி வரை படியுங்கள். அதற்குப் பிறகு தலைப்பு எழுதுங்கள்.