புடவைக்கு முன் ரவிக்கை

புடவை எந்த உடலுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. தைக்கப்படாத துணி என்பதால் அது மெலிந்தவரையும் பருத்தவரையும் ஒன்றுபோலச் சுற்றிக்கொள்ளும் என்பதும் உண்மையே. ஆயினும் புடவை கட்டியவரின் தோற்றத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது 5.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் துணியன்று, அதனுடன் சேர்த்தே நெய்யப்பட்டு வரும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியே. ஒரு பட்டுப் புடவையைத் தேர்ந்தெடுக்கக் காஞ்சிபுரத்திலோ தியாகராய நகரிலோ அரைநாள் செலவிடும் குடும்பங்கள், ரவிக்கைத் துணியைப் பழைய அளவு ரவிக்கையொன்றுடன் சுருட்டித் தையற்கடையில் கொடுத்துவிட்டு இரண்டே நிமிடத்தில் திரும்பிவிடுவது வருத்தத்துக்குரியது.

உடலமைப்புக்கு ஏற்ற உடை பற்றிப் பேசும் மேலைநாட்டு நூல்களும் அவற்றைப் பின்பற்றும் இதழ்களும் பெண்ணுடலை ஆப்பிள், பேரிக்காய், செவ்வகம், மணற்கடிகை எனப் பிரிக்கின்றன. மணற்கடிகை என்பது மார்பும் பின்புறமும் ஏறக்குறைய ஒரே சுற்றளவில் இருக்க, இடை மட்டும் நன்கு குறுகிய வடிவம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் அளவுகளை ஆராய்ந்தபோது, இவ்வடிவம் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. அப்படியிருக்க, ஏனைய அனைவரும் அந்தச் சிலரைப் போலத் தோன்றுவது எப்படி என்றே அறிவுரைகள் எழுதப்படுவது, உடலைக் குறையாகவும் உடையை மறைப்பாகவும் கருதும் பார்வையின் விளைவு, அதை ஏற்பதற்கில்லை. மேலும் இந்தப் பகுப்பு சுற்றளவுகளை மட்டுமே நம்புகிறது. மார்புச் சுற்று 36 அங்குலமாக உள்ள இருவரில் ஒருவருக்கு முதுகு அகன்றும் மற்றவருக்கு முன்புறம் நிறைந்தும் இருக்கலாம், ஒருவரது தோள் மட்டமாகவும் மற்றவரது தோள் சரிந்தும் இருக்கலாம். எண் ஒன்றே என்று நம்பி ஒருவருக்குத் தைத்ததை மற்றவர் அணிந்தால், அது முன்னே இறுகி முதுகில் தொளதொளவென்று நிற்கும்.

இந்த வேறுபாட்டைத் துணியில் கொண்டுவரும் கருவிதான் ‘டாட்’, அதாவது தட்டையான துணியை உடலின் குவிவுக்கேற்ப வளைப்பதற்காக ஓரத்திலிருந்து கூம்பாக மடித்துத் தைக்கும் பிடிப்பு. நாலு டாட் ரவிக்கையில் இப்பிடிப்புகள் கீழ்விளிம்பு, கொக்கிப் பட்டி, அக்குள், பக்கத் தையல் ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் மார்பின் உச்சியை நோக்கி வந்து, அதற்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் முன்னரே நின்றுவிட வேண்டும். உச்சியைத் தாண்டிச் சென்றால் துணி கூராகத் துருத்திக்கொள்ளும். தோளிலிருந்து உச்சி வரையுள்ள நீளத்தைத் தையற்காரர்கள் ‘டாட் பாயின்ட்’ என்று தனியே குறித்துக்கொள்வது இதற்காகவே. வயது ஏறும்போதும் மகப்பேற்றுக்குப் பின்னரும் இந்த நீளம் கூடுவதுண்டு, உள்ளாடை மாறினாலும் மாறும். ஆகவே ஐந்தாண்டுக்கு முந்தைய அளவு ரவிக்கை, அணிபவரின் அன்றைய உடலையே தையற்காரரிடம் கொண்டு சேர்க்கிறது. நாடாவை எடுத்து நேரில் அளக்கும் ஐந்து நிமிடத்தைத் தையற்காரரும் தவிர்க்கக் கூடாது, அணிபவரும் கூச்சத்தால் விட்டுவிடக் கூடாது.

கைக்குழி, அதாவது கை ரவிக்கையோடு சேரும் வளைவு, இன்னும் கவனத்துக்குரியது. பருத்த கை உடையவர்கள் தாராளமாக இருக்கட்டும் என்று அதைக் கீழே இறக்கித் தைக்கச் சொல்வது வழக்கம். ஆனால் இறங்கிய கைக்குழியில், கையைத் தூக்கும்போதெல்லாம் ரவிக்கை முழுவதும் மேலேறி வயிறு தெரியும். அவர்களுக்கு வேண்டிய தளர்வு கையின் சுற்றில் இருக்க வேண்டுமேயன்றிக் குழியின் ஆழத்தில் அன்று. அதுபோலவே, கையின் விளிம்பு மேற்கையின் மிகப் பருத்த இடத்தில் முடிந்தால் கண் அங்கேயே தங்கிவிடும். அதற்கு இரண்டு அங்குலம் கீழே, முழங்கையை நெருங்கி முடிந்தால் அதே கை மெலிந்து தெரியும். ரவிக்கை உடலோடு பொருந்த உதவும் இன்னொரு நுட்பமான ‘கிராஸ் கட்டிங்’ என்பது துணியை இழையின் போக்குக்கு 45 பாகை சாய்வாக வெட்டுவது. சாய்ந்த துணி சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் உடலோடு ஒட்டி அமரும். 1920-களில் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் மதலேன் வியொனே கையாண்டு உலகப் புகழ் பெற்ற அதே உத்தியைத் தமிழ்நாட்டுத் தெருமுனைத் தையற்காரர்கள் அன்றாடம் ரவிக்கையின் முன்பக்கத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதும், அந்த நுட்பத்துக்கு உரிய கூலி அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியவை.

புடவையைப் பொறுத்தவரை உடலின் பருமனைவிட உயரமே பெரிதும் கணக்கில் கொள்ளத்தக்கது. 47 அங்குல அகலமுள்ள புடவையை 5 அடி உயரமுள்ளவர் கட்டும்போது, உள்பாவாடை நாடாவிலிருந்து தரை வரை அவருக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 37 அங்குலமே. எஞ்சிய 10 அங்குலம் உள்ளே செருகப்பட்டு, கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்போடும் பெருகி வயிற்றருகே புடைக்கிறது. தொப்பை என்று பலர் வருந்துவதில் ஒரு பகுதி இந்தத் துணிதான். விறைப்பான டிஷ்யூவிலும் ஆர்கன்சாவிலும் இப்புடைப்பு கூடும். முறுக்கேற்றிய இழையால் நெய்த கிரேப்பிலும் ஜார்ஜெட்டிலும் குறையும், ஆனால் அவை உடலின் வளைவுகளை அப்படியே காட்டுவன. அதே 37 அங்குலத்தில் 10 அங்குலக் கரை கால்பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வதால் கால்கள் குட்டையாகத் தெரியும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கப்படும் கோர்வைப் புடவையில் இந்த வெட்டு மேலும் கூர்மையாகும். இரண்டும் ஒரே நிறமாயின் அகலக் கரையும் உயரம் குறைந்தவருக்கு நன்றாகவே பொருந்தும்.

குறுக்குக் கோடு பருமனைக் கூட்டும் என்ற பழைய எச்சரிக்கையோ ஆய்வில் நிற்கவில்லை. குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுங்கியும் தோன்றுவதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். 2011-இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சனும் அவருடன் ஆய்ந்தவரும் உடையணிந்த உருவங்களை வைத்துச் சோதித்தபோதும் குறுக்குக் கோடு உடலை அகலமாகக் காட்டவில்லை. ஆகவே கட்டம் போட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கியைப் பருமன் கருதி ஒதுக்கிவைத்தவர்கள் தயங்காமல் எடுத்துக் கட்டலாம்.

ரவிக்கை தைத்து வந்ததும் அதை உட்புறமாகப் புரட்டி, இரு பக்கத் தையலுக்கும் உள்ளே ஓர் அங்குலத் துணி விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது இருந்தால் உடல் பெருக்கும்போது ஒரு தையலைப் பிரித்துவிடலாம், மெலியும்போது மீண்டும் பிடித்துக்கொள்ளலாம். அணிந்து பார்த்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, உட்கார்ந்து எழுந்த பின்னரே அது சரியா என்பது தெரியும். அணிந்து பார்க்க மறைவிடம் இல்லாத தையற்கடைகள் பல. எனவே வீட்டில் போட்டுப் பார்த்துத் திருத்தத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்ல நாள் மிஞ்சும்படி, திருமணமாயினும் திருவிழாவாயினும் பத்து நாள் முன்னதாகவே ரவிக்கையைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.