கும்பிட்டால் போதுமா?

1919-ல் போல்ஷ்விக்குகள் ரஷ்ய மடாலயங்களில் புனிதர்களின் பேழைகளைத் திறந்து காட்டினார்கள். 'அழியாத உடம்புன்னு ஏமாத்தினாங்களே, பாருங்க... வெறும் எலும்பு!' சபாஷ்!

அடுத்த ஐந்தே வருஷம். 1924 ஜனவரியில் லெனின் இறந்தார். நினைவுச் சின்னமெல்லாம் வேண்டாம். பள்ளிக்கூடம், நூலகம், மருத்துவமனை கட்டுங்கள் என்று 'பிராவ்தா'வில் எழுதினார் மனைவி க்ரூப்ஸ்கயா. யார் கேட்டது? அதே கட்சி அவர் உடம்பை மருந்தேற்றிப் பதப்படுத்தி, மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் பேழைக்குள் வைத்தது. நூறு வருஷம் தாண்டியும் அங்கேதான் இருக்கிறார்.

தலைவரைப் புனிதராக்குவதில் ஒரு சௌகரியம். அவர் சொன்னதைச் செய்ய வேண்டாம், கும்பிட்டால் போதும். கேள்வி கேட்கிறவனைத் துரோகி என்றும் சொல்லிவிடலாம்.

உங்கள் தலைவர் யாராகவும் இருக்கட்டும். அவர் செய்த ஒரே ஒரு தப்பைச் சத்தமாகச் சொல்ல முடியுமா உங்களால்? முடியாதென்றால், செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள் சார். நீங்கள் நிற்பது கோயில்!