குப்பையும் குன்றிமணித் தங்கமும்

திருவொற்றியூர்க் கடற்கரையில் விடியற்காலையில் உலாவப் போகும் நேயர்களில் சிலர் அந்த விசித்திரக் காட்சியைக் கண்டிருக்கக் கூடும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீண்ட கம்பின் நுனியிலுள்ள வட்டத் தட்டை மணல்மீது இப்படியும் அப்படியும் வீசியவண்ணம் ஓர் இளைஞர் நடந்து போவார். திடீரென்று மண்டியிட்டுத் தோண்டுவார். ஒரு துருப்பிடித்த ஆணியைக் கண்டெடுத்து, ஏதோ நவநிதியம் கிடைத்துவிட்டாற்போல் பையில் போட்டுக்கொள்வார். அவர் நம் நண்பர் ஒருவரின் புதல்வர். கையிலிருப்பது மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகம் தேடும் யந்திரம்.

யந்திரம் வாங்கி ஓராண்டு ஆகிறது. இப்போது அதைவிட உயர்ந்ததாக ஒன்று வேண்டுமாம். "ஆணி வேண்டுமானால் இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கித் தருகிறேன்!" என்பது தகப்பனாரின் கட்சி. "அதிக ஆழத்தில் தேடும் யந்திரம் இருந்தால் ஆணியா கிடைக்கும்?" என்பது பிள்ளையின் கட்சி. வழக்கு நம்மிடம் வந்தது. இடத்தைப் பாராமல் தீர்ப்புச் சொல்லலாகாதென்று ஒருநாள் காலையில் நாமும் கூடவே சென்றோம்.

சென்றது நல்லதாயிற்று. கரையில் மீன்கார அம்மாள் ஒருத்தி மணலைக் கையால் அளைந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள். மஞ்சள் கயிறு அறுந்து தாலி மணலில் விழுந்துவிட்டதாம். நம் இளைஞர் அந்த இடத்தை மூன்று முறை சுற்றி வந்தார். யந்திரம் வாய் திறக்கவில்லை. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு ஒரு விசையைத் திருப்பினார். உடனே அடிக்கொரு தடவை ஒலி எழும்பிற்று. மாத்திரை அட்டையின் தகடு, சோடா மூடி, மிட்டாய் சுற்றிய தாள் என்று பத்துப் பன்னிரண்டு குப்பைகளைத் தோண்டிய பின் தாலி கிடைத்தது. அந்த அம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தகப்பனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

முதலில் யந்திரம் மௌனம் சாதித்ததன் காரணம் இதுதான். தட்டிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது காந்தப் புலம் ஒன்று உண்டாகிறது. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் அது ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. அதன் எதிரொலியைக் கொண்டு பொருள் இன்னதென்று யந்திரம் ஊகிக்கிறது. ஆனால் சிறு தங்க நகையின் எதிரொலியும் அலுமினியத் தகட்டின் எதிரொலியும் ஏறக்குறைய ஒன்றே. 'தகடு வேண்டாம்' என்று நாம் கட்டளையிட்டால் தாலியும் வேண்டாம் என்றே யந்திரம் பொருள் கொள்ளும். குன்றிமணித் தங்கம் வேண்டுமென்றால் குப்பையையும் தோண்டித்தான் தீரவேண்டும். எத்தனை விலை கொடுத்தாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை.

அப்படியானால் புது யந்திரம் எதற்கு? அலை வந்து போகும் ஈர மணலில் இறங்கியதும் பழைய யந்திரம் ஓயாமல் அலறிற்று. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் யந்திரம் அதையும் உலோகமென்று மயங்கிவிடுகிறது. வட சென்னையில் இது சிறு குறையன்று. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. கற்சுவருக்கும் அலைக்கும் நடுவே எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஈர மணலே.

இளைஞர் ஆசைப்பட்டது துடிப்பு முறை யந்திரம். அது உப்பையும் கருமணலையும் பொருட்படுத்தாது, ஆழமும் போகும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்தறியும் சக்தி அதற்கு மிகக் குறைவு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்து. அன்று முதல் ரயிலும் படகும் பட்டறையும் இப்பகுதியில் உதிர்த்த இரும்பு கொஞ்சமா? அவ்வளவையும் தோண்ட ஓர் ஆயுள் போதாது.

சுற்றியுள்ள இரும்பு பெரிய மேதைகளையும் ஏமாற்றியிருக்கிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுபோனார். கட்டிலின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின, குண்டு அகப்படவில்லை.

ஆகவே நம் தீர்ப்பு வருமாறு: ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் யந்திரமே இந்தக் கரைக்கு ஏற்றது. உப்பையும் சமாளிக்கும், இரும்பையும் ஓரளவு இனம் காட்டும். தட்டு மட்டுமின்றி யந்திரம் முழுவதும் நீர் புகாததாக இருக்கட்டும். குப்பை மிகுந்த இடத்தில் பெரிய தட்டைவிடச் சிறிய தட்டே அடுத்தடுத்த பொருள்களைப் பிரித்துக் காட்டும். எண்ணூர் மின்நிலையங்களின் பக்கம் மின்கம்பிகளின் இரைச்சல் அதிகமானால், உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் வேண்டும்.

யந்திரத்தோடு மூன்று நிபந்தனைகளும் விதித்தோம். பிறர் தொலைத்த பொருளை எடுத்தவர் அதைக் காப்பாற்றி உரியவரிடம் சேர்க்கவேண்டிய பொறுப்புடையவர் என்கிறது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். மண்ணில் மறைந்திருந்த புதையல் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். ஆகையால் கிடைப்பதை மறைக்கலாகாது என்பது முதல் நிபந்தனை. துறைமுக எல்லைக்குள்ளும் பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னங்களின் அருகிலும் யந்திரத்தை எடுத்துச் செல்லலாகாது என்பது இரண்டாவது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு எம்டன் கப்பல் குண்டு பொழிந்த கரை இது. குண்டு போன்ற எதைக் கண்டாலும் தொடாமல் போலீஸாருக்குச் சொல்லவேண்டும் என்பது மூன்றாவது.

பிள்ளை மூன்றுக்கும் சம்மதித்தார். பாதிப் பணம் தாம் தருவதாகத் தகப்பனார் ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் கடற்கரைக்குப் போகிறாராம். மண்வெட்டி தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டாமா?