விதியா? வெயிலா?



நம் நாட்டில் கறுப்பாய்ப் பிறந்தவன், வெள்ளையாக வேண்டுமென்று மருந்துக் கடையில் கிடைத்த களிம்பையெல்லாம் முகத்தில் அப்பிக் கொள்கின்றான். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018ல் சர்க்கார் உத்தரவு போட்ட ஸ்டீராய்டு களிம்பையும் விட்டுவைப்பதில்லை. வெள்ளையாகவே பிறந்துவிட்டவனையோ, பூர்வஜன்ம பாபமென்றும், தெய்வக் குற்றமென்றும், கிரகணத்தில் தாய் வெளியில் வந்ததன் பலனென்றும் சொல்லி மூலையில் உட்கார வைக்கின்றார்கள். இந்த இரண்டு முட்டாள்தனமும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே திண்ணையிலிருந்தே புறப்படுகின்றன.

நாம் சொல்லுவது தலைமயிரும் இமையும் வெளுத்து, வெயிலைக் கண்டால் கண் கூசப் பிறக்கின்றவர்களைப் பற்றியாகும். அல்பினிசம் என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். இது குஷ்டமுமல்ல, வெண்புள்ளியுமல்ல, ஒட்டுகின்ற வியாதியுமல்ல. உலகக் கணக்கில் சுமார் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கின்றார். 2011 ஜனக்கணக்குப்படி தேனி ஜில்லாவில் 12 லட்சத்து 45 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த விகிதத்தில் பார்த்தால் நம் ஜில்லாவில் மட்டும் 60, 70 பேர் இருக்கக்கூடும்.

காரணமென்ன? தோலுக்கு நிறங்கொடுக்கும் மெலனின் உண்டாக வேண்டிய வழியில் ஒரு கோளாறு. அக்கோளாறு தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்து கிடந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அது வெளிப்பட இடமுண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகின்ற குடும்பங்களில் இருவரிடமும் ஒரே கோளாறு இருப்பது எளிதாகின்றது. அப்படியிருக்க, பெற்றவளை மாத்திரம் “நீ என்ன பாபம் செய்தாயோ” என்று கேட்பது என்ன யோக்கியதை? பாதியைக் கொடுத்த ஆண்பிள்ளையை எந்த ஜோசியனாவது கேட்டதுண்டா?

மெலனின் அழகுக்குப் பூசின சாயமல்ல. அது தோலுக்குக் குடை. எந்தக் கறுப்பை நாம் இழிவென்று நினைக்கின்றோமோ அதுதான் சித்திரை வெயிலில் நம்மைக் காப்பாற்றுகின்றது. குடையில்லாமல் பிறந்தவனையும் நாம் தக்காளி பறிக்கவும் நாற்று நடவும் அனுப்புகின்றோம். திராட்சைப் பந்தலுக்கடியிலாவது கொஞ்சம் நிழலுண்டு. தக்காளிக் காட்டில் என்ன உண்டு? சில வருஷத்தில் கன்னத்திலும் காதிலும் புறங்கையிலும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான செதிள் கிளம்பும். உரித்தால் போகும், மறுபடி வரும். பெரிதாய் வலிப்பதில்லையாதலால் யாரும் கவனிப்பதில்லை. எல்லாச் செதிளும் புற்றாவதில்லையென்றாலும், எது ஆகுமென்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியாது. நிறமில்லாதவர்களுக்கு இளம் வயதிலேயே ஆகிவிடுகின்றது.

நிற்க, இதற்கு மருந்துண்டா என்றால் உண்டு. ஃபுளூரோயுராசில் என்பது அதன் பெயர். புற்றுச் செல்கள் யுராசில் என்னும் பொருளை அதிகமாக இழுத்துக் கொள்கின்றன என்று அறிந்த ஹைடல்பெர்கர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, அதில் ஃபுளூரினைச் சேர்த்துவிட்டால் தின்ன வந்ததே கொல்லுமென்று யோசித்து 1957ல் உலகுக்கு அறிவித்தார். 1962ல் தென்னாப்பிரிக்காவில் ஃபால்க்சன், ஷூல்ஸ் என்ற இருவர், வேறு புற்றுக்காக இம்மருந்தை உடம்பில் ஏற்றிக் கொண்ட நோயாளிகளுக்கு வெயில் செதிள்கள் தாமே சிவந்து, பிறகு மறைவதைக் கண்டார்கள். அதன் பிறகே களிம்பாக வந்தது.

பலன் உண்டா என்று பரீட்சையும் செய்தார்கள். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் 932 பேரில் ஒரு பகுதிக்கு மருந்துக் களிம்பு. மறு பகுதிக்கு மருந்தில்லாத வெறுங்களிம்பு. யாருக்கு எது என்பது பூசினவனுக்கும் தெரியாது. 2018ல் முடிவு வெளிவந்தது. இரண்டு முதல் நான்கு வாரம் பூசினவர்களுக்கு, முதல் வருஷத்தில் அறுத்தெடுக்க வேண்டிய செதிட்செல் புற்று 75 சதவிகிதம் குறைந்தது. பிறகு அப்பலன் தேய்ந்தது என்பதையும் அவர்களே எழுதிவைத்தார்கள். நம்முடைய எந்த நேர்த்திக்கடனாவது இப்படிப் பரீட்சைக்கு வந்து நிற்குமா?

ஆனால் இம்மருந்தில் ஒரு சங்கடமுண்டு. பூசின முதல் சில நாள் ஒன்றுமிராது. பிறகு செதிள் இருந்த இடமெல்லாம், கண்ணுக்குத் தெரியாமல் கெட்டிருந்த இடமுங்கூட, சிவந்து, எரிந்து, பொருக்குத் தட்டி, நீர் கசியும். முகம் பார்க்கச் சகிக்காது. அது மருந்து வேலை செய்கின்றதற்கு அடையாளம். நிறுத்தின சில வாரத்தில் புதுத் தோல் வரும். நம் ஊரில் நடக்கப் போவதென்ன? முகம் சிவந்த அன்றைக்கே “ஆத்தா இறங்கியிருக்கிறாள்” என்பார்கள். களிம்பைத் தூர எறிந்துவிட்டு வேப்பிலையும் மஞ்சளும் வரும். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்து கொள்வார்கள். ராஜாவுக்கே கண் கொடுத்த தலம் என்று கதையிருப்பதால், பிள்ளையின் மங்கின கண்ணுக்கும் சேர்த்து ஒரு வேண்டுதல்! நின்றுபோன மருந்தால் செதிள் நிற்குமா? சில வருஷங் கழித்துப் புண்ணாய் வந்து நிற்கும்போது, “அன்றே தெய்வம் காட்டியது” என்பார்கள். பெரியம்மையை உலகத்தைவிட்டு ஒழித்தது வேப்பிலையா, ஊசியா என்பதை 1980ல் உலகமறிய அறிவித்தாகிவிட்டது. இந்தச் சிவப்பு அம்மையுமல்ல.

இவ்வளவு சொல்லியதால் கடைக்கு ஓடி நீங்களே வாங்கிப் பூசிக் கொள்ளுங்கள் என்பதல்ல நம் கருத்து. எவ்விடத்தில், எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் தொடக்கூடாது, கண்ணிலும் உதட்டிலும் படக்கூடாது, பூசின கையைக் கழுவ வேண்டும், அந்நாட்களில் வெயிலில் போகக்கூடாது. கட்டியாய்த் தடித்ததும், இரத்தம் கசிவதும், ஆறாத புண்ணும் களிம்புக்கு அடங்கியவையல்ல. சதையைக் கிள்ளிப் பரிசோதித்து, தேவையானால் அறுத்தெடுக்க வேண்டும். க.விலக்கில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கின்றது.

டான்சானியாவில் இப்படி வெள்ளையாய்ப் பிறந்தவர்களின் கைகால்கள் அதிர்ஷ்டம் தருமென்று மந்திரவாதிகள் சொல்லப்போய், கொலைகள் நடந்து, 2015ல் அந்நாட்டுச் சர்க்கார் மந்திரவாதிகளையே தடை செய்ய நேர்ந்தது. நாம் கையை வெட்டவில்லை. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நிழல் வேலையும் கொடுக்காமல் வெயிலிடம் விட்டுவிடுகின்றோம்.

வெயில் தடுப்புக் களிம்பை, முக்கியமாய் இவர்களுக்காகவே, 2025ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கின்றது. அதுவும், டாக்டர் எழுதும் ஃபுளூரோயுராசில் களிம்பும் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆஸ்பத்திரிகளில் இனாமாய்க் கிடைக்க வேண்டும். தோழர்கள் தத்தம் ஊரில் இத்தகைய குடும்பம் எது என்று விசாரித்து, அவர்களையும் அழைத்துக் கொண்டு கேட்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகின்றார்கள்.