ரகசியம் யாருக்கு லாபம்?
மருந்துக் கம்பெனிகளில் எந்த விற்பனைப் பிரதிநிதி இலக்கை எட்டினார், யார் கடைசி என்பதைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். சம்பளம் மட்டும் பரம ரகசியம். அமெரிக்காவில் 2010-இல் நியூயார்க் நடுவர் குழு, பெண் விற்பனைப் பிரதிநிதிகளுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் நோவார்ட்டிஸ் என்ற மருந்துக் கம்பெனி பாரபட்சம் காட்டியதாக முடிவுசெய்து, தண்டனைத் தொகையாக மட்டும் 25 கோடி டாலர் விதித்தது (பிறகு சமரசத்தில் தொகை குறைந்தது). இத்தகைய இடைவெளி, ஆயிரக்கணக்கானோரின் ஊதியத்தை அருகருகே வைத்தால்தான் புலப்படும். தன் சம்பளச் சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏரியாவுக்கு ஏரியா விற்பனை மாறும், ஊதியமும் மாறத்தானே செய்யும் என்பார்கள். ஊக்கத்தொகைக்கு அது பொருந்தும், சரி. ஒரே தகுதியோடு சேர்ந்த இருவரின் அடிப்படைச் சம்பளம் ஏன் மாற வேண்டும்? வெளியே தெரிந்தால் பொறாமை வருமாம். தரவரிசையைத் திரையில் போடும்போது வராத பொறாமையா? மேற்பார்வைப் பொறுப்பில்லாத ஊழியர்கள் சம்பளத்தைப் பேசிக்கொள்ள அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. ஆனாலும் மேனேஜர் காதுக்குப் போனால் ஏரியாவை மாற்றிவிடுவாரோ என்ற பயத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் உண்டு.